பட்டினி போட்ட வாட்ச்

“டைம் முடிஞ்சு போச்சு லா அண்ணே. நாளைக்கு வாங்க.”

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவல்காரத் தம்பி இப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. நேரத்தைப் பற்றி என்னிடமா பேசுகிறான்?

இரும்புக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காலித் தூக்குச்சட்டியுடன் ஒரு சீனக் கிழவி, அழுது முகம் வீங்கிய ஒரு மலாய்க்காரப் பெண், அவளுடைய புருஷன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நனைந்த குடைகளின் வாடையும் தரை கழுவும் மருந்தின் வாடையும் கலந்து அடித்தன.

சட்டைக் கையைத் தள்ளிவிட்டு, மணிக்கட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“அஞ்சாக இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. கதவையே நீ இனிமேத்தான் திறக்கணும். சாத்திக்கிட்டு நிக்கிறே!”

அவன் வாட்ச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி, உள்ளே சுவரில் தொங்கிய பெரிய கடிகாரத்தைக் காட்டினான். ஆறு மணி மூன்று நிமிடம்.

“அது கெட்டுப்போயிருக்கும்” என்றேன்.

“நல்லாத்தான் அண்ணே ஓடுது. இப்பத்தான் பெல்லு அடிச்சாங்க.”

சுவரில் நொடி முள் நகர்ந்தது. என் கையிலும் நொடி முள் நகர்ந்தது. வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டேன். டிக் டிக் என்றுதான் சொன்னது. ஆனால் அந்தச் சத்தம் மெலிந்திருந்தது. இழுத்துப் பறித்து ஓடுகிற சத்தம். வாட்ச் ரிப்பேர் கடையில் பதினொரு வருஷம் காதால் கேட்டே சோறு தின்றவன் நான். கேட்ட மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பிசகியது என் கை வாட்ச்தான்.

மேலே இரண்டாம் மாடியில், பெண்கள் வார்டில், என் மனைவி பாக்கியம் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். பார்க்க விடுவது மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும். முந்தின நாள் நான் கிளம்பும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு அந்த ஒரு மணி நேரமும் என் பக்கத்துல இருங்க. பேசக்கூட வேணாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும். எனக்குப் பயமா இருக்குங்க.”

“அஞ்சு அடிக்கிறப்ப உன் கட்டில் பக்கத்துல நிப்பேன், பாரு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் தொலைத்துவிட்டு நின்றேன்.

ஒரு வாசகியின் கோபம்

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கும் அம்மா ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். “இத்தனை வாரமாக சிராங்கூன் ரோட்டையும் கடிகாரத்தையும் பற்றியே எழுதுகிறாரே, அவருக்குக் குடும்பம் கிடையாதா?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எழுதாமல் தப்பித்துக்கொண்டே வந்தேன். இந்த வாரம் மாட்டிக்கொண்டேன்.

பாக்கியத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு வன்பொருள் கடைக்கு மேலே ஒரே ஓர் அறையில் குடியிருந்தோம். கீழே நாள் முழுக்கத் தகரம் வெட்டுகிற சத்தம். அதற்கு மேலாகக் கத்திப் பேசிப் பழகிவிட்டாள். பதினோரு மணிக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தால் இரண்டு மணிக்குத் திறந்து பார்க்கிற ஆள் நான். “ஊருக்கெல்லாம் மணி பாக்குறாரு, சோத்துக்கு மட்டும் இவருக்கு மணி தெரியாது” என்று தேக்கா மார்க்கெட் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சண்டை போட்டால் மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் தானே வந்து, “கோப்பி ஆறிப்போகுது, குடிச்சுத் தொலைங்க” என்பாள். அதுதான் சமாதானம்.

எனக்கென்று சொந்தமாகக் கைக்கடிகாரம் கிடையாது. வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர்களின் வழக்கம் இது. வாடிக்கையாளர் வாட்ச்சைச் சரிசெய்ததும் நாமே இரண்டு நாள் கையில் கட்டிக்கொண்டு திரிவோம். மேசைமேல் வைத்தால் ஒழுங்காக ஓடுகிற வாட்ச், கையில் ஏறியதும் சண்டித்தனம் செய்யும். கட்டிப் பார்க்காமல் கொடுத்தால் மறுநாளே திரும்பி வந்துவிடும். ஆக, எந்த நாளும் என் கையில் யாரோ ஒருவருடைய நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை வழக்கம் என்பதைவிடத் திமிர் என்று சொல்லலாம். தொழில்காரன் ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கமாட்டான். அடுத்தவனிடம் மணி கேட்கமாட்டான். கேட்டால் மானம் போய்விடும்.

ஸ்பிரிங்கின் குணம்

சாவி கொடுத்ததும் ஸ்பிரிங்குக்கு ஏகப்பட்ட பலம். சக்கரத்தைப் போட்டு உதைக்கும். நேரம் போகப்போகக் களைத்துவிடும். ஒன்றரை நாள் கழித்து, தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு வருகிற ஆள் மாதிரி, ஏனோதானோவென்று தள்ளும். பலமாகத் தள்ளினால் ஒரு கணக்கு, மெல்லத் தள்ளினால் வேறொரு கணக்கு. வாட்ச் முந்துவதும் பிந்துவதும் பெரும்பாலும் இதனால்தான். முழுச் சாவியிலும் கடைசிச் சாவியிலும் ஒரே மாதிரி தள்ள வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உலகத்துக் கெட்டிக்காரர்களெல்லாம் இருநூறு முந்நூறு வருஷமாக இதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இப்போது கைக்கடிகாரத்துக்குள்ளேயே அதற்கு வழி செய்துவிட்டார்களாம். பெரிய ஸ்பிரிங் நேராகச் சக்கரத்தைத் தொடாது. நடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங். பெரியது சில நொடிக்கு ஒருமுறை குட்டிக்கு ஊட்டும். குட்டி எப்போதும் ஒரே அளவில் சக்கரத்தைத் தள்ளும். ஈசூன் நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படத்தைப் பார்த்தேன். விலையையும் பார்த்தேன். பத்திரிகையை மெல்ல மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வழி, தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள் என்று வாடிக்கையாளர் காலில் விழாத குறையாகச் சொல்வதுதான். ஸ்பிரிங் களைப்பதற்குள் சாவி கொடுத்துவிட்டால் அதன் நல்ல பகுதி மட்டும் வேலை செய்யும். யார் கேட்டார்கள்?

ஒரே ஒருவர் கேட்டார். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் துரைசாமி. அவர் வாட்ச்சைப் பார்த்துத்தான் பள்ளியில் மணி அடிப்பார்கள். ஒருநாள் கடைக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்தார். ஒரு மாதம் காலையும் மாலையும் வானொலி நேரத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்.

“காலையில புலி மாதிரி ஓடுது. மறுநாள் விடியறப்ப நொண்டுது. பிள்ளைங்க விளையாட்டு நேரத்துல நாலு நிமிஷம் போயிடுது, தெரியுமா?” என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. “ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் சார். பட்டினி போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

பட்டினி போடுவது எங்கள் கடைப் பேச்சு. ஒருமுறை முழுச் சாவி கொடுத்துவிட்டு, பிறகு கொடுக்காமல், தானாக நிற்கும் வரை விட்டுப் பார்ப்பது. எந்த மணி நேரத்திலிருந்து தடுமாறுகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

பாக்கியத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்த அதே வாரம் அது. ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தலைமையாசிரியரின் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்து என் கையில் கட்டிக்கொண்டேன். மறுநாள் முழுக்கச் சாவி கொடுக்கவில்லை. அந்த மறுநாள்தான் நான் ஐந்து மணிக்கு வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்த நாள்.

குப்புறக் கிடந்த கடிகாரம்

அன்று மதியம் கடை முதலாளி காசிம் நானா என்னைக் கூப்பிட்டார். ஆற்றங்கரையில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பெனி. அங்கே மாடியில் ஒரு கப்பல் கடிகாரம் இருக்கிறது, அதன் சங்கிலியில் துரு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“அரை மணி வேலை தம்பி. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்ல? வேணாம்னா நாளைக்குப் போ.”

“கையில வாட்ச் கட்டியிருக்கேன்ல நானா?” என்றேன். அப்போது வாட்ச்சை வானொலியோடு சரிபார்த்தேன். முதலில் முந்தியதும் பிறகு பிந்தியதும் சரிக்குச் சரியாகிவிட்டதோ என்னவோ, ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அது பிசகியிருந்தால், பட்டினி கிடக்கிற வாட்ச் என்று நினைவு வந்து நான் உஷாராகியிருப்பேன்.

கம்பெனி குமாஸ்தா என்னை மாடி அறையில் விட்டுவிட்டு, கப்பலில் சாமான் ஏற்றப் போய்விட்டார். நான் மரப்பெட்டியைத் திறந்து, கடிகாரத்தை வெளியே எடுத்து, ஒரு மர வளையத்தின்மேல் குப்புற வைத்தேன். முகம் மேசைப் பக்கம். உள்ளுறுப்பு என் பக்கம். அது ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அன்றுதான் பார்த்தேன். ஒரு பித்தளை உருளை, அதற்குள் ஸ்பிரிங். பக்கத்தில் கூம்பு வடிவத்தில் இன்னோர் உருளை. இரண்டையும் இணைக்க ஒரு சங்கிலி. எறும்புக்குச் சைக்கிள் செய்தால் அதற்குப் போடுகிற சங்கிலி அப்படித்தான் இருக்கும். ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒல்லியான பக்கத்தைப் பிடித்து இழுக்கும். ஸ்பிரிங் களைக்கக் களைக்க, பருத்த பக்கத்துக்கு இறங்கி வரும். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் பலம் வேண்டும், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதுமல்லவா? அதே கணக்குத்தான். பலம் குறையக் குறைய, பிடி தோதாகிக்கொண்டே வரும். கடைசியில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிற தள்ளு மட்டும் மாறவே மாறாது.

எவன் யோசித்தானோ, அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. துரு இல்லை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது முழங்கையை மேசையில் ஊன்றி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை கட்டியிருந்தது. வெளிச்சத்தை வைத்து மணி சொல்ல முடியாது. ஆற்றில் தொங்காங்குச் சரக்குப் படகுகளின் இரைச்சல்கூட என் காதில் ஏறவில்லை.

என் கையில் இருந்த வாட்ச்சோ பசியில் கிடந்தது. ஸ்பிரிங் அப்படிச் சோர்ந்துபோனால், கையை அசைக்காத வரை வாட்ச் நின்றுவிடும். கையைத் தூக்கினால் அந்தக் குலுக்கலில் மறுபடி கொஞ்சம் ஓடும். மணி பார்க்க வேண்டுமென்றால் கையைத் தூக்கத்தானே வேண்டும்? நான் பார்த்தபோதெல்லாம் அது ஓடியது. பார்க்காதபோதெல்லாம் நின்றது.

நாலு மணி பத்து நிமிடம் என்று காட்டியபோது எழுந்தேன். சரியான நேரத்தில் கிளம்புகிறோம் என்று எனக்குள் பெருமை வேறு. உண்மையில் அப்போது மணி ஐந்தேகால். சிங்கப்பூரிலேயே துல்லியமான கடிகாரம் என் மூக்குக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கும்போதுகூட நான் முகத்தைப் பார்க்கவில்லை, சங்கிலியைத்தான் பார்த்தேன்.

டிராலி பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஒருவர் மணி கேட்டார். “நாலு நாப்பது” என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். “அதுக்கு மேல இருக்கும்போல இருக்கே அண்ணே?” என்றார். நான் அவரை முறைத்தேன். “நான் வாட்ச் ரிப்பேர் பாக்குறவன்” என்றேன்.

வாசலுக்கு வெளியே

காவல்காரத் தம்பியிடம் கெஞ்சினேன். நாளைக்கு ஆபரேஷன் என்றேன், பயப்படுகிறாள் என்றேன், ஐந்தே நிமிடம் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் நல்லவன். கதவைச் சாத்திவிட்டு மேலே ஓடினான். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வார்டு மூடியாச்சு அண்ணே. மிஸ்ஸி ஒத்துக்கல. நீங்க வந்தீங்கன்னு சொல்லச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மிஸ்ஸி என்றால் நர்ஸ். அந்த மிஸ்ஸி சொன்னாளா என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிரே சாலையோரத்தில் நின்று இரண்டாம் மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எது அவள் ஜன்னல் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் அசையாமல் நின்றிருப்பேன். குனிந்து பார்த்தால், தலைமையாசிரியரின் வாட்ச் சுத்தமாக நின்றிருந்தது. கையை உதறினேன். ஓடவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய் நின்றேன். ஆபரேஷனுக்கு முன் யாரையும் விடமாட்டார்கள். பதினோரு மணி வாக்கில் ஒரு டாக்டர் வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பாதி புரிந்தது. மீதியைப் பக்கத்தில் நின்ற சிப்பந்தி தமிழில் சொன்னார். கட்டி பெரிதாக இருந்ததாம். ரத்தம் நிற்கவில்லையாம். மயக்கம் தெளியவே இல்லையாம்.

பாக்கியம் போய்விட்டாள். இருபத்தெட்டு வயது.

அந்த ஒரு மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? மாட்டாள். அது எனக்கும் தெரியும். ஆனால் பயந்துகொண்டே போயிருக்கமாட்டாள். நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கமாட்டாள். என்னை அரித்தது அதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடைக்குப் போனேன். தலைமையாசிரியரின் வாட்ச்சுக்குப் புது ஸ்பிரிங் போட்டேன். அவர் வந்து வாங்கிக்கொண்டு, விஷயம் கேள்விப்பட்டு, அதைக் கையில் கட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வாட்ச்மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டினி போட்டவன் நான். காசிம் நானாதான், “அன்னைக்கு உன்னை நான் அனுப்பியிருக்கக் கூடாது தம்பி” என்று பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத் தேற்றுவது எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

பக்கத்துக் கட்டில்

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு காலை வேளை. தேக்கா மார்க்கெட் கூடையுடன் ஓர் அம்மா கடைமுன் அஞ்சடி நடைபாதையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். நோயில் விழுந்து எழுந்த முகம்.

“பாக்கியம் வீட்டுக்காரரு நீதானா தம்பி?”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

“நான் அவ பக்கத்துக் கட்டில்ல கிடந்தேன். எனக்குக் குடல்ல ஆபரேஷன். போன வாரந்தான் வெளிய விட்டாங்க. வாட்ச் கடைன்னு அவ சொன்னது ஞாபகம் இருந்திச்சு, கேட்டுக் கேட்டு வந்தேன்.”

நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு நான் வரலேன்னு அழுதாளாக்கா?”

“அழுதாளா? நல்லாக் கேட்டே போ!” என்றார் அந்த அம்மா. “சண்டைல்ல பிடிச்சா! நாலரைக்கே தலை சீவி, பொட்டு வச்சு உக்காந்துட்டா. ஆறு மணிக்குப் பெல்லு அடிச்சு எல்லாரையும் வெளிய போகச் சொன்னாங்க. இவ மிஸ்ஸியை விடலையே. ‘உங்க கடிகாரம் தப்பு மிஸ்ஸி. இன்னும் அஞ்சே ஆகல. எங்க வீட்டுக்காரரு அஞ்சுக்கு வர்றேன்னாரு, அவரு இன்னும் வரல, அப்ப அஞ்சு ஆகலேன்னுதானே அர்த்தம்?’னா. வார்டே சிரிச்சிச்சு. இவ சிரிக்கல. ‘அவரு வாட்ச் வேலை செய்யிறவரு மிஸ்ஸி, நிமிஷம் தப்பமாட்டாரு. நாளைக்கு வந்ததும் சொல்றேன், உங்க கடிகாரத்தைச் சும்மாவே சரி பண்ணித் தருவாரு’ன்னுட்டு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டா.”

“நான் வாசல் வரைக்கும் வந்தேன்னு யாரும் சொல்லலையா?”

“யாரும் வந்து சொல்லலியே, தம்பி.”

கடைக்குள் இருந்த இருபது முப்பது கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. காசிம் நானா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டாற்போல நின்றார்.

“அது ஒண்ணுதான் எனக்கு மனசுல கிடந்து உறுத்துது. நாங்கெல்லாம் அவளைப் பாத்துச் சிரிச்சிட்டோம். நீ சொல்லு தம்பி. அந்த ஆஸ்பத்திரிக் கடிகாரம் நெசமாவே தப்பாத்தான் ஓடுச்சா?”

“ஆமாக்கா” என்றேன். “ஒரு மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடுச்சு.”